மெலிந்த கலவை

1

இந்தக் கதை என் அப்பா சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது.

"முன்னால போன வண்டி தானா நின்னுருச்சும்மா."

போலீஸிடம் இதைத்தான் சொன்னார். நீதிபதியிடம் சொன்னார். ஜாமீன் கிடைக்காத அன்று, நீதிமன்ற வராந்தாவில் என்னிடமும் சொன்னார். மூன்று இடத்திலும் அதே சொற்கள். ஒரே சொற்களில் திரும்பத் திரும்ப வருவது உண்மையாகவும் இருக்கலாம், மனப்பாடமாகவும் [இந்த வாக்கியம் வேண்டாம். முடிக்கவில்லை.]

அப்பா லாரி ஓட்டுபவர். மேம்பாலத்தின் ஏற்றத்தில், பட்டப்பகலில், அவருடைய லாரி முன்னால் போன தண்ணீர் கேன் வேனைப் பின்னாலிருந்து இடித்தது. வேன் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. அதை ஓட்டிய இளைஞன் அங்கேயே இறந்தான். அப்பாவுக்கு நெற்றியில் ஒரு கீறல். லாரி ஓட்டியவர் கண் அசந்துவிட்டார் என்பது போலீஸ் தரப்பு. வேன் தானாக நின்றது என்று காட்ட முடிந்தால் வழக்கு வேறு மாதிரி போகும் என்கிறார் வக்கீல்.

எனக்குத் தெரிந்த நிஜம் இன்னும் ஒன்றுதான். கேன் கடையில் கல்லாவில் உட்காரும் பெண் சொன்னது.

"அந்த வண்டியில மஞ்ச லைட்டு ஒண்ணு ரொம்ப நாளா எரிஞ்சுட்டு இருந்துச்சுக்கா. அன்னிக்குக் காலையிலதான் எங்கயோ காட்டி அணைச்சுட்டு வந்தாரு. இனிமே தொல்லை இல்லைன்னு சொல்லிட்டுத்தான் லோடு ஏத்துனாரு."

எங்கே காட்டினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. இதற்குப் பிறகு வருவதெல்லாம் நான் செய்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"மெக்கானிக் காலையிலேயே குடித்திருந்தான்."

எழுதியதும் நிம்மதியாக இருந்தது. குடிகாரன் தவறு செய்தான், வேன் நின்றது, அப்பா வெளியே வந்தார். மூன்று பக்கத்தில் கதை முடிந்துவிடும். மறுநாள் படித்தபோது அந்த ஆள் உயிரோடு இல்லை. தள்ளாடுவதற்காக மட்டும் வந்துபோனான். அவன் தலையில் பழியைப் போடுவதற்காகவே அவனை எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன் என்பது எந்த வாசகருக்கும் தெரிந்துவிடும்.

இரண்டாவது: "மெக்கானிக்குக் காசு ஒன்றே குறி." அதே நோய்.

மூன்றாவதில் அவருக்கு மரியாதை விகுதி கொடுத்தேன். உடனே அவருக்கு ஒரு பட்டறை வந்தது, வலது முழங்காலில் வலி வந்தது, ஒரு மனைவி வந்தார். மனைவி எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜாமீன் விசாரணையன்று வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். "தண்ணி இருக்காம்மா?" என்று கேட்டார். பாட்டிலைக் கொடுத்தேன். குடிக்கவில்லை, கைக்குட்டையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளிருந்து பெயர் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது, இறந்த பையனின் அக்கா. அவரோடு எழுந்து போனவர் கணவராக இருக்க வேண்டும். அந்த மனிதரின் நகக்கண்களில் கறுப்பு ஏறியிருந்தது.

கழுவினாலும் போகாத கறுப்பு. அவர் அச்சகத்தில் வேலை செய்பவராக இருக்கலாம். பெயின்டராக இருக்கலாம். நான் அவரை மெக்கானிக் ஆக்கிவிட்டேன். ஒரு மனிதரின் நகத்தைப் பார்த்து அவருக்குத் தொழில் கொடுத்து, அந்தத் தொழிலில் ஒரு தவறையும் கொடுத்துவிட்டேன். கதை எழுதுகிறவர்களுக்கு இது சாதாரணம். என் இடத்தில் இருப்பவளுக்கு இது சாதாரணமா என்று தெரியவில்லை.

3

நான் வேதியியல் படித்தவள். அதனால் இந்தப் பகுதியை மட்டும் நடுக்கமில்லாமல் எழுத முடிந்தது.

எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினான்கு பங்கும் கொஞ்சமும் காற்று, எடையளவில். காற்று அதைவிடக் கூடினாலோ பெட்ரோல் குறைந்தாலோ கலவை மெலிந்துவிட்டது என்பார்கள். புகைக்குழாயில் ஓர் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. எரிந்து முடிந்த புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருந்தால் அது வண்டியின் கணினிக்குச் சொல்லும். கணினி கூடுதலாகக் கொஞ்சம் பெட்ரோல் விடும். மறுபடியும் மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். இப்படியே நாட்கணக்கில் விட்டு விட்டு, 'இந்த வண்டிக்கு இவ்வளவு கூடுதலாகத் தர வேண்டும்' என்று ஒரு கணக்கைக் கற்று வைத்துக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு மேல் கூட்டித் தர முடியாது என்ற எல்லை வரும்போதுதான் மஞ்சள் விளக்கு எரியும். பி0171 என்ற குறியீடு பதிவாகும்.

அந்தக் குறியீடு கலவை மெலிந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஏன் என்று சொல்லாது. எங்காவது விரிசல் வழியே கள்ளக்காற்று நுழையலாம். அல்லது பெட்ரோல் பம்ப் சோர்ந்துபோய்த் தேவையான அழுத்தம் தராமல் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. விரிசல் என்றால் வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் சும்மா ஓடும்போது கோளாறு அதிகம் தெரியும், வேகமெடுத்தால் மறைந்துவிடும். பம்ப் என்றால் தலைகீழ். நிற்கும்போது சாது, சுமையோடு ஏறும்போதுதான் மூச்சு வாங்கும்.

இரண்டும் ஒரே வண்டியில் சேர்ந்து இருக்கலாம் என்பதை நான் படித்த எந்தப் பக்கமும் அழுத்திச் சொல்லவில்லை. என் கதை அந்த இடத்தில் நுழைகிறது.

4

பட்டறையில் அவரை எல்லோரும் 'குழாய்' என்று கூப்பிட்டார்கள். ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு மறு நுனியை எஞ்சின் மேல் அங்குல அங்குலமாக நகர்த்துவார். எங்கே காற்று கசிந்தாலும் காதுக்குள் சீறும். ஸ்கேனர் வாங்கிய பிறகும் குழாயை விடவில்லை. ஸ்கேனர் நோயின் பெயரைச் சொல்லும், குழாய்தான் வலிக்கிற இடத்தைக் காட்டும் என்று நினைத்தார். அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் அந்தக் காது இல்லை. அது அவருக்கே தெரியும் என்பதுதான் சிக்கல்.

அன்று காலை மச்சினன் வேனை உள்ளே விட்டுவிட்டு, இறங்கும்போதே ஆரம்பித்தான்.

"மாமா, இந்த லைட்டு எங்க அக்கா மாதிரியே முறைச்சுட்டு இருக்கு. ஏதாவது பண்ணுங்க."

"உங்க அக்காவையே என்னால ஒண்ணும் பண்ண முடியல மாப்ளே."

"அது உங்க தலையெழுத்து. இது என் பொழப்பு."

"வண்டி எப்படி ஓடுது?"

"சும்மா போனா குதிரை. லோடு ஏத்துனா ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது."*

குழாய் ஸ்கேனரைச் செருகினார். பி0171. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். கணினி எல்லை வரைக்கும் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்தது. குழாயை எடுத்துக் காதில் வைத்தார்.

"மாமா, கடைக்காரர் வேற போன்ல—"

"வாயை மூடு மாப்ளே. கேக்குது."

எஞ்சினின் உறிஞ்சலைப் பிரேக்குக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாயின் வளைவில், கைக்கு எட்டாத அடிப்பக்கத்தில் சீறியது. கழற்றினார். விரலால் மடக்கியதும் விரிசல் வாய் திறந்தது. அதை மச்சினனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இதோ, உங்க அக்கா."

"அடேங்கப்பா. வாய் கூட அதே அளவு."

புதுக் குழாய் போட்டார். ஸ்கேனரில் கூடுதல் பெட்ரோலின் எண்கள் கீழே இறங்கின. நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தார், ஆடவில்லை. குறியீட்டை அழித்தார். மஞ்சள் விளக்கு அணைந்தது.

"இரு, லோடோட ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டுத் தரேன்."

"நான் ஓட்டத்தானே போறேன்? அதைவிடவா டெஸ்டு? விடுங்க மாமா, காது சொன்னா சரியாத்தான் இருக்கும்."

குழாய் சிரித்தார். சாவியைக் கொடுத்துவிட்டார்.

*மச்சினனின் இந்த வரியை இரண்டு முறை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தேன். நீக்கினால் குழாய் நிரபராதி. இருந்தால் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, அவரும் கேட்டிருக்கிறார், சீறல் கிடைத்த சந்தோஷத்தில் மறந்திருக்கிறார். வரி இருக்கட்டும். எனக்கு அது தேவைப்படுகிறது.

5

குறியீட்டை அழித்ததில் தவறில்லை. கோளாறைச் சரிசெய்த பிறகு அழிப்பதுதான் முறை. ஆனால் அழிக்கும்போது விளக்கு மட்டும் அணைவதில்லை. கணினி நாட்கணக்கில் கற்று வைத்திருந்த அந்தக் கூடுதல் கணக்கும் சேர்ந்து அழிந்துவிடுகிறது. பம்ப் சோர்ந்து கிடந்ததை அதுவரை சமாளித்துக்கொண்டிருந்தது அந்தக் கணக்குதான். காலையில் நொண்டிக்கொண்டு வந்த வண்டி, நொண்டி நடக்கும் பழக்கத்தையும் மறந்துவிட்டு வெளியே போனது.

கேன்களை ஏற்றினான். மேம்பாலம். ஏற்றத்தில் மிதித்தான். எஞ்சினுக்குத் தேவையான பெட்ரோல் வரவில்லை. ஒரு குலுக்கல், இன்னொரு குலுக்கல், நின்றது. அவன் பிரேக்கைத் தொடவே இல்லை. அதனால் பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. பின்னால் வந்த லாரி இடித்தது.

[இந்தப் பத்தியை எழுதி முடித்த அன்று நன்றாகத் தூங்கினேன்.]

6

குழாய்க்கு நடந்தது புரிய அதிக நேரம் ஆகவில்லை. மேம்பாலம், ஏற்றம், லோடு என்று யாரோ செய்தி சொன்னபோதே, கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு அதை எடுக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, சமையலறையில் சோறு போட்டுவிட்டு மனைவி கேட்டார்.

"காலையில உங்ககிட்டதானே வந்தான்?"

"ஆமா."

"என்ன பேசுனான்?"

"உன்னைப் பத்தித்தான். கிண்டல்."

"என்னன்னு?"

"முறைக்கிறியாம்."

மனைவி சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்பிலேயே அழுதார். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். பிறகு கேட்டார்.

"வண்டி நல்லாத்தானே இருந்துச்சு?"

குழாய் தட்டைப் பார்த்தார்.

"நீங்க பாத்துக் குடுத்த வண்டி நல்லாத்தான் இருந்திருக்கும். அந்த லாரிக்காரன்தான். எவனோ ஒருத்தன் தூங்கறதுக்கு என் தம்பியா கெடச்சான்? அவன் விளங்கவே மாட்டான். அவன் வீட்டுல ஒரு விளக்கு எரியாது பாருங்க."

இந்தச் சாபத்தை நான்தான் எழுதினேன். என் அப்பாவுக்கு, எங்கள் வீட்டுக்கு. அந்த அம்மாவின் வாயில் வேறு எந்தச் சொல்லும் பொருந்தவில்லை.

7

முடிவுகள்.

அ) குழாய் மனைவியிடம் சொல்லிவிடுகிறார். பிறகு நீதிமன்றத்தில் சொல்கிறார். அப்பா வெளியே வருகிறார். இதைப் பலமுறை எழுதிப் பார்த்தேன். குழாய் கூண்டில் ஏறுகிறார், வாயைத் திறக்கிறார், வருவதெல்லாம் எங்கள் வக்கீலின் குரல். "மேற்படி வாகனத்தின் எரிபொருள் அழுத்தத்தை நான் பரிசோதிக்கத் தவறிவிட்டேன்." முழ நீளக் குழாயைக் காதில் வைத்த மனிதர் இப்படிப் பேசவே மாட்டார்.

ஆ) அவர் சொல்லவில்லை. மனைவியின் சாபத்தைத் தினமும் கேட்டுக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு, தட்டைக் காலி செய்கிறார். பட்டறையில் யாராவது வண்டியைக் கொண்டுவந்தால் லோடு ஏற்றி ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் தருவதில்லை. எல்லோரும் அவரை இன்னும் நல்ல மெக்கானிக் என்கிறார்கள். இது நன்றாக வருகிறது. மிகவும் நன்றாக வருகிறது. இதில் அப்பா உள்ளேயே இருக்கிறார்.

இ) பம்பில் கோளாறே இல்லை. விரிசல் ஒன்றுதான் இருந்தது, அது சரிசெய்யப்பட்டது. வேன் குதிரை மாதிரி ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர்

8

வக்கீலின் அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் கட்டுக்கட்டாகக் காகிதம், அதனால் நான் எப்போதும் நின்றுகொண்டே பேசுவேன். பம்பைப் பற்றி அவரிடம் சொன்னேன். இடையில் குறுக்கிடாமல் கேட்டார். அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை.

"வேன் இன்னும் ஸ்டேஷனுக்குப் பின்னாலதான் கெடக்கு," என்றார். "டேங்க் உடையல. பம்பைக் கழட்டிச் சோதிக்கணும்னு மனு போடலாம்."

"போடுங்க சார்."

"அவசரப்படாதே. பம்ப் போயிருந்ததுன்னு வந்தா உங்க அப்பா சொன்னது உண்மை. நல்லா இருக்குன்னு வந்தா?"

நான் நாற்காலியிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தேன்.

"இப்ப நம்மகிட்ட ஒரு சந்தேகம் இருக்கு. சந்தேகத்துக்கு ஒரு மதிப்பு இருக்கும்மா. சோதனை பண்ணிட்டா அது போயிரும். ஒண்ணு ஜெயிப்போம், இல்ல மொத்தமா முடிஞ்சோம். போடாம விட்டா, இழுத்துட்டே போகலாம்."

"வண்டி நின்னுச்சுன்னு அப்பா சொல்றாரே."

"எல்லா கட்சிக்காரரும் ஏதாவது சொல்றாங்க." மேஜை இழுப்பறையைத் திறந்து மூடினார். "நீ படிச்ச பொண்ணு. உன் அப்பாகிட்டயே கேளு. மனுவுல அவர் கையெழுத்து வேணும். அவர் கை எப்படிப் போகுதுன்னு பாரு."

வெறுப்பாக இருந்தது. வழியெல்லாம் அவர் சொன்னது சரி என்றும் தோன்றியது. ஆய்வகத்தில் நான்கு வருடம், முடிவு எதுவாக இருந்தாலும் சோதனையைச் செய் என்றுதான் கற்றுக்கொடுத்தார்கள். சோதனைக்குழாயில் இருந்த நீர் நிறம் மாறலாம், மாறாமலும் போகலாம். அது யாருடைய அப்பாவும் இல்லை.

9

மனுவையும் இந்தக் கதையின் முதல் ஆறு பகுதிகளையும் சிறைக்கு அனுப்பினேன். அப்பா மெதுவாகப் படிப்பவர். செய்தித்தாளில் விளம்பரத்தைக் கூட விடமாட்டார். அடுத்த சந்திப்பில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தாள்களைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். இரண்டு பக்கமும் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நாங்களும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. எனக்குக் கத்த வராது.

"படிச்சேன்," என்றார். "அந்தக் குழாய் நல்லா இருக்காரு. பொண்டாட்டிகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிற இடம் அசல்."

"உங்களைத் திட்டுறாங்கப்பா அதுல."

"திட்டட்டும். தம்பியைப் பறிகொடுத்தவ." கொஞ்ச நேரம் தாள்களை விரித்துச் சுருட்டினார். "இப்படியெல்லாம் நெசமாவே ஆகுமா? லைட்டை அழிச்சா வண்டி கத்துக்கிட்டதும் போயிருமா?"

"போயிரும்ப்பா. நிறைய வண்டியில."

"அடப்பாவமே." யாருக்காகச் சொன்னார் என்று தெரியவில்லை. "உனக்கு மூளை இருக்கு. செத்தவனைப் பத்தி, பாவம், யார் பெத்த புள்ளையோன்னு எழுதாம விட்டியே, அதுவும் நல்லது."

"அப்பா, மனுவைப் பாத்தீங்களா?"

அவர் வலையில் முகத்தை அழுத்தினார். நெற்றிக் கீறல் ஆறி, மெல்லிய கோடாகியிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். அந்தக் குழாய் எதைக் காதுல வச்சாரு, எதைக் கையில எடுத்தாரு, எதைப் பாத்தாருன்னு எல்லாம் எழுதியிருக்கே. லாரிக்காரனுக்கு ஒரே ஒரு வரி. பின்னால வந்த லாரி இடிச்சுது. லாரியாம்மா இடிக்கும்? உள்ள ஒருத்தன் உக்காந்திருந்தானே."

"நீங்கதானேப்பா."

"உன் கதையில யாருன்னு கேக்கறேன். வண்டி நின்னுச்சு. சரி. முன்னால போறவன் எப்ப வேணா நிப்பான், அதுக்குத்தான் இடைவெளி. நான் ஓட்டக் கத்துக்கிட்ட முதல் நாளே சொல்லிக்குடுத்தது. உன் லாரிக்காரன் எவ்வளவு இடைவெளி விட்டிருந்தான்? எங்க பாத்துட்டு இருந்தான்?"

"நீங்க சொல்லுங்க."

பக்கத்தில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "அப்பாவுக்கு டாட்டா சொல்லு, சொல்லு" என்று கத்தினாள். மணி அடித்தது. அப்பா வாயைத் திறந்தார், மூடினார்.

"நீ எழுது," என்றார். "எழுதிக் கொண்டா. படிச்சுட்டுச் சொல்றேன், சரியா தப்பான்னு."

மனுவைக் காவலர் வழியாகத் திருப்பி அனுப்பினார். பேருந்தில் பிரித்துப் பார்த்தேன். கையெழுத்து இருந்தது. அவருடைய வழக்கமான கையெழுத்துதான், நடுக்கமில்லை, அவசரமில்லை. வக்கீல் சொன்னதற்காக உற்றுப் பார்த்தேன். ஒரு கையெழுத்திலிருந்து எதையும் படிக்க முடியாது.

10

அதற்குப் பிறகு குழாயிடம் நான் போகவில்லை. அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வராந்தாவில் நான் பார்த்த அந்த நிஜ மனிதரும் எங்கோ உட்கார்ந்திருப்பார், நான் அவருக்கு என்ன செய்திருக்கிறேன் என்று தெரியாமல். மனுவை எடுத்துக்கொண்டு வக்கீல் அறை வரை போனேன். படியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அப்பா கேட்ட பகுதியைத் தினமும் எழுதுகிறேன். அவரை அந்த இருக்கையில் உட்கார வைப்பது சுலபம். முதுகுக்கு வைத்துக்கொள்ளும் மெத்தைத் துண்டு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகள், கியர் கம்பியின் மேல் தேய்ந்த குமிழ், எல்லாம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறேன். இடைவெளியைக் கூட ஒரு மாதிரி எழுதிவிட்டேன். போதும் போதாது என்று சொல்ல முடியாத ஓர் இடைவெளி. கண்ணுக்கு வரும்போது நின்றுவிடுகிறது.

கதையில் நான் எதை எழுதினாலும் அவர் சரி என்றுதான் சொல்வார் என்ற பயம் வந்துவிட்டது. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதினால், ஆமாம் சரி என்பார். கண் மூடியிருந்தது என்று எழுதினாலும், ஆமாம் சரி என்பார். மகள் எப்படி எழுதியிருக்கிறாளோ அப்படியே இருந்துவிட்டுப் போகத் தயாராகிவிட்டவர் போலத்தான் வலைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

ஆகவே இதை நான் எழுதக் கூடாது. உங்களுக்கு அவரைத் தெரியாது. அவர் கையால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வேன் ஓட்டியவனையும் தெரியாது. நீங்கள் முடியுங்கள். முடித்த பிறகு, கையெழுத்துப் போட்ட இந்த மனுவை நான் கொடுக்க வேண்டுமா, கிழிக்க வேண்டுமா என்பதையும் நீங்களே சொல்லிவிடுவீர்கள். எனக்காக இரக்கப்பட்டு எதையும் மாற்ற வேண்டாம்.

வேன் நின்றது. பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. நல்ல வெளிச்சம், காய்ந்த சாலை. லாரியை ஓட்டியவர் அப்போது